வாராக்கடன் வசூல்

மூன்று வருஷம் பி.காம். படித்ததில் என் மண்டையில் நின்றது ஒரே ஒரு பதிவுதான். அதுவும் பரீட்சையில் கோட்டை விட்டதால்!

ஒருத்தர் கடனைத் திருப்பித் தரவில்லை. 'இனி வராது' என்று முடிவுகட்டி, வாராக்கடன் என எழுதித் தள்ளிவிடுகிறீர்கள். சில வருஷம் கழித்து ஆசாமி பணத்தோடு வந்து நிற்கிறார். வரவை யார் கணக்கில் வைப்பது? நான் அவர் பேரிலேயே வைத்தேன். நாலு மார்க் போச்சு. 'வாராக்கடன் வசூல்' என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டுமாம். "ஆளைத்தான் எழுதித் தள்ளியாச்சே, அப்புறம் என்னய்யா அவர் பேரு?" என்றார் வாத்தியார்.

ஆபீஸில் யாராவது "சினிமாப் பாட்டு போரடிக்குது, வேற ஏதாவது ஆல்பம் சொல்லுங்க பாஸ்" என்று கேட்கும்போதெல்லாம் அந்த நாலு மார்க் ஞாபகம் வந்துவிடும். காரணம், நான் சிபாரிசு செய்கிற ஆல்பங்களில் முக்கால்வாசி, அந்தக் காலத்தில் விலைபோகாமல் எழுதித் தள்ளப்பட்ட வாராக்கடன்கள்.

சிபாரிசுக்கு முன் எல்லாவற்றையும் அப்பாவிடம் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அப்பா, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவர். குழுவுக்கு கீபோர்டு வந்தது. அக்கார்டியன் பரணுக்குப் போனது. அப்பா கிளார்க் வேலைக்குப் போனார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பரணில் பொங்கல் பானைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான்.

முதல் ஆல்பம், சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிடார் வாசித்த மனிதர். 1982-ல் ரோலண்ட் மெஷின்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓட்டினார். பூபாளி, மால்கௌன்ஸ், யமன்... நம் ஊர்ப் பேரில் சொன்னால் மோகனம், இந்தோளம், கல்யாணி. யாரும் சீந்தவில்லை. 1987-ல் சிகாகோ இளைஞர்கள் அதே டிபி-303 மெஷினைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு சங்கதியைக் கிளப்ப, உலகமே ஆடியது. 2002-ல் ஒரு டச்சுக்காரர் இந்தியக் கடை ஒன்றில் சிங்கின் பழைய ரெக்கார்டைக் கண்டெடுத்தார். 2010-ல் அது மறுபடி வெளியானபோதுதான், 'இந்த ஆள் அஞ்சு வருஷம் முன்னாடியே பண்ணிட்டாரே!' என்று வாயைப் பிளந்தார்கள். சிங் 2015-ல் காலமானார். அதற்குள் ஐரோப்பிய மேடைகளைப் பார்த்துவிட்டார் என்பதில் ஒரு திருப்தி.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். "ராகம் சுத்தமா இருக்கு. அந்த மெஷின்தான் ஒரு இடத்துலகூட மூச்சு விடமாட்டேங்குது" என்றார். அவருக்கு மெஷின்களோடு பழைய பகை.

இரண்டாவது, கல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸ் பாடிய 'டிஸ்கோ ஜாஸ்'. இதுவும் 1982தான். கனடாவின் கால்கரியில் பதிவானது. மொத்தம் நாலே பாட்டு. ஆஷிஷ் கானின் சரோடு, டிஸ்கோ கிடாரோடு மல்லுக்கட்டும். அப்போது விற்கவில்லை. வெகு காலம் கழித்து மகன் இன்டர்நெட்டில் துழாவியபோதுதான், அம்மாவின் ரெக்கார்டுக்காக வெளிநாட்டுக்காரர்கள் எக்கச்சக்க விலை கொடுப்பது வீட்டுக்கே தெரிந்தது. 2019-ல் மறுவெளியீடு. அதில் 'ஆஜ் ஷனிபார்' என்றொரு பாட்டு. 'இன்று சனிக்கிழமை' என்று அர்த்தம். சனிக்கிழமையும் ஆபீஸ் போகிறவர்கள் கேட்டால் கண்ணீர் வரும், ஜாக்கிரதை.

மூன்றாவது, 'முலாத்து ஆஃப் எத்தியோப்பியா', 1972. முலாத்து அஸ்தாத்கே எத்தியோப்பிய ராகங்களை ஜாஸில் கரைத்தவர். அவர்களுடைய 'திசித்தா' வகைகளில் ஒன்றின் ஸ்வரங்கள் அப்படியே மோகனம். 2005-ல் 'புரோக்கன் ஃப்ளவர்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் அவர் இசை வந்த பிறகு புது ரசிகர் கூட்டமே சேர்ந்தது. இரவு பத்து மணிக்கு மேல், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

நாலாவது, வாராக்கடன் இல்லை. மெதுவாக நகரும் சரக்கு. 'கின்ஸ்மென்', 2008. கத்ரி கோபால்நாத்தும், அமெரிக்க ஜாஸ் வித்வான் ருத்ரேஷ் மகந்தப்பாவும் இரண்டு சாக்ஸபோன்களில் வாசிக்க, கூட வயலினில் அ. கன்யாகுமரி. கல்யாணக் கச்சேரியில் கத்ரியைக் கேட்டபடி பந்தியில் பாயசத்தை நோட்டம் விட்ட பாவத்துக்கு இதுதான் பரிகாரம்.

கடைசியாக, வஷ்டி பன்யன். பிரிட்டிஷ்காரர். 1968-ல் குதிரை வண்டியைக் கட்டிக்கொண்டு ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிக் கிளம்பினார். வழியெல்லாம் பாட்டு எழுதினார். அதுதான் 1970-ல் வந்த 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'. குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி குரல். சொற்பமாகத்தான் விற்றது. மனசு விட்டுப்போய்ப் பாடுவதையே நிறுத்தினார். பிள்ளை குட்டிகளை வளர்த்தார். கம்ப்யூட்டர் வாங்கித் தன் பேரையே தேடிப் பார்த்தபோதுதான், தன்னை ஒரு கூட்டம் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. 2000-ல் ஆல்பம் திரும்ப வந்தது. அடுத்த ஆல்பம் 2005-ல்.

இதைச் சொன்னதும் அப்பா, "ரெண்டுக்கும் நடுவுல எத்தனை வருஷம்?" என்றார்.

"முப்பத்தஞ்சுப்பா."

"அத்தனை வருஷமா அந்தம்மா தொடவே இல்லையா?"

"கிடாரைத் தொடவே இல்லையாம்."

ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிகிறவரை இருந்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பேப்பரில் இருந்தபோது ஹாலிலிருந்து குரல். "டேய், ஏணி எங்கடா?"

துருத்தியில் இரண்டு கிழிசல். அஞ்சாறு கட்டைகள் ஊமை. பெட்டிக்குள் ஒரு கரப்பான் குடும்பம். அம்மா, "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டுக்கொண்டே பழைய வேட்டியைக் கிழித்துத் துடைக்கக் கொடுத்தாள். ரிப்பேர் செலவு என் தலையில்.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆஸ்துமா வந்த பூனை மாதிரி ஒரு மோகனம் எங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார். இன்னும் சில கட்டைகள் பேசவில்லை. அந்த இடம் வரும்போது அப்பா வாயாலேயே பாடிச் சமாளிக்கிறார்.

வாத்தியார் மன்னிக்கவும். இந்த வரவை நான் அப்பா பேரிலேயே வைத்துவிட்டேன். நாலு மார்க்தானே, போகட்டும்!