எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள அடங்குமா?



போன வாரம் பரணை ஒதுக்கும்போது அப்பா காலத்து மர்ஃபி ரேடியோ, டேப் ரெக்கார்டர், மூணு கட்டை டார்ச் லைட், அலாரம் கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் இறங்குச்சு. அக்கா மகன் சிரிச்சான். "மாமா, இது அத்தனையும் என் சட்டைப் பையில இருக்கு. இன்னும் பத்து வருசத்துல டிவி, கம்ப்யூட்டர்கூட தனியா இருக்காது பாருங்க"ன்னான்.

அவன் சொல்றதுல பாதி உண்மை. நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசக்காட்டுக்கு இது எப்ப வந்துச்சுன்னு யோசிச்சா, நோக்கியா 1100தான் ஞாபகம் வருது. 2003ல வந்த செல். தலையில ஒரு குட்டி டார்ச். பேசுறதுக்கு வாங்கினவங்க பாதி, ராத்திரி மோட்டார் போடப் போறப்ப பாம்பு பூச்சி தெரியணும்னு வாங்கினவங்க பாதி. உலகம் பூரா 25 கோடிக்கு மேல வித்த செல் அது. மூணு கட்டை டார்ச் பரணுக்கு ஏறுனது அப்பத்தான்.

ஆனா உள்ள போனதெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கணும். ரேடியோவை எடுத்துக்கங்க. தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்'னே பேரு. வானொலியில கேட்டே விவசாயிங்க அந்த ரகத்தைப் போட்டாங்க. நமக்கு மானாவாரி, மழைச் செய்திதான் முக்கியம். மர்ஃபியைத் திண்ணையில வச்சா தெருவே கேட்கும். செல்லுல கோடை பண்பலை 100.5 கேட்கணும்னா ஹெட்செட் வயரைச் சொருகணும், அதுதான் ஏரியல். புதுசா வர்ற பல செல்லுல எஃப்எம்மே கிடையாது. எடுக்காதீங்கன்னு 2023ல மத்திய அரசே செல் கம்பெனிகளுக்குச் சொல்ல வேண்டியதாச்சு. அதே வருசம் டிசம்பர்ல பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துல பேய்மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். கரண்டும் டவரும் போன ஊர்ல அந்தப் பெரிய செல்லெல்லாம் வெறும் டார்ச்தான், அதுவும் சார்ஜ் இருக்கிற வரைக்கும். ரெண்டு கட்டை போட்ட ரேடியோ பேசிக்கிட்டே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. உள்ள போனதுல சிலது மறுபடி வெளிய வருது. அருப்புக்கோட்டை பஜார்ல எந்தக் கடைக்குப் போனாலும் ஜிபே அட்டைக்குப் பக்கத்துல ஒரு பேசுற பெட்டி இருக்கு. பணம் வந்தது செல்லுலயே தெரியுமே? வடை சுடுறவருக்குக் கையெல்லாம் எண்ணெய், முதலாளி செல்லோட வீட்டுக்குச் சாப்பிடப் போயிருவார். அதனால சத்தம் போட மட்டும் தனியா ஒரு பொட்டி. நம்ம காட்டுலயும் அப்படித்தான். மும்முனைக் கரண்ட் ராத்திரி விடுறப்ப செல்லைப் பல்லுல கடிச்சுக்கிட்டு மம்பட்டியால மடை திருப்பினவனுக்குத்தான் தெரியும், நெத்தியில மாட்டுற லைட் ஏன் இத்தனை விக்குதுன்னு. கைக்கு வேலை இருக்கிற இடத்துல தனிச் சாமான் வேணும். மருமகனுக்குக் கையில வேலை கிடையாது, பாவம், ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கான்.

இதையெல்லாம் விட என்னை உறுத்துறது வேற. ரேடியோ, கடிகாரம், டார்ச் எல்லாம் வீட்டுச் சாமான். யாரு வேணா எடுக்கலாம். செல் ஒரு ஆளோட சாமான். எங்க வீட்டுல பெரிய செல் மகன்கிட்ட, அவன் திருப்பூர்ல. எங்க ரெண்டு பேர் ஆதாருக்கும் அவன் நம்பர்தான். அப்ப அது வசதியாத்தான் இருந்துச்சு. இப்ப எந்தத் திட்டத்துக்குப் பதியப் போனாலும் ஓடிபி திருப்பூருக்குப் போகுது. அவன் கம்பெனியில ஷிப்டு நேரத்துல செல்லை உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க. நிலம் என் பேர்ல, பட்டா என் பேர்ல, நான் கம்ப்யூட்டர் முன்னால நிக்கிறேன். சாவி மட்டும் திருப்பூர்ல ஒரு லாக்கருக்குள்ள கிடக்கு. போன மாசம் பயிர்க் காப்பீட்டு வேலையா ரெண்டு நாள் பஸ் ஏறி இறங்கினேன். வீட்டுக்காரம்மா பேர்ல ஒரு கணக்கு இருக்கு, அதுல எவ்வளவு இருக்குன்னு அவளுக்கே மகனைக் கேட்டாத்தான் தெரியும். முன்னால அஞ்சறைப் பெட்டியில வச்சிருந்த காசை அவ யாரையும் கேட்டு எண்ணல.

இதுக்கு ஆண்ட்ராய்டு செல் வேணும்னு அவசியமில்லை. ஓடிபி வெறும் குறுஞ்செய்திதான், பட்டன் செல்லுக்கே வரும். ஆதார்ல நம்பர் மாத்துறதைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து செஞ்சு குடுக்கிறார். எங்க ஊர்த் தபால்காரர்கிட்ட சொல்லியிருக்கேன், வர்ற புதன்கிழமை வாரேன்னார். எனக்கு என்கிட்ட இருக்கிற செல் நம்பரே போதும். அவளுக்கு ஒரு சிம்மும் ஒரு செல்லும் வாங்கணும். எப்படி வேணும்னு கேட்டேன்.

"பட்டன் செல் போதும். டார்ச் மட்டும் நல்லா எரியணும்"னா.