முதல் ஆண்டு வண்டி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விழைவோர்க்கு, "முதல் ஆண்டு வண்டியைத் தொடாதீர்" என்பதே எவரும் கூறும் அறிவுரை. அமெரிக்காவில் வாழும் நாங்களும், பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிடுமுன் அதன் உண்மையை ஆராயலானோம்.

மஸ்டா மியாட்டாவிற்கு அது பொருந்துகிறது. 1989-இல் விற்பனைக்கு வந்த அவ்வண்டியின் 1.6 லிட்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட் மாற்றுவோர் அதன் போல்ட்டைச் சரிவர முடுக்காவிடில், முனை தேய்ந்து எஞ்சினே பாழாகும். 1991-இல் முனையை நீட்டித் திருத்தினர். புல்லியின் முகப்பில் நான்கு பள்ளங்கள் இருப்பின் பழையது. எட்டு இருப்பின் திருத்தியது.

போர்ஷே பாக்ஸ்டரிலோ நிலைமை தலைகீழ். 1997 மாதிரியில் எஞ்சினின் இடைத்தண்டைத் தாங்கியது இரட்டை வரிசை பேரிங். 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த ஒற்றை வரிசை பேரிங்கே மிகுதியும் பழுதுற்றது.

நாங்கள் பார்த்த 1990 மியாட்டாவில் பள்ளங்கள் நான்கே. ஆயினும் புல்லி ஆட்டமின்றிச் சுழன்றது. பெல்ட் மாற்றிய ரசீதுகளும் ஒழுங்காக இருந்தன. மனநிறைவோடு வாங்கினோம். ஆண்டு ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பை வண்டியே சொல்ல வேண்டும் அன்றோ!