பறம்பின் உச்சியில்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகச் செல்வோருக்குப் பிரான்மலை தொலைவிலேயே தென்பட்டுவிடும். கடல் மட்டத்திற்கு மேல் 2,000 அடியைத் தாண்டி நிற்கும் இம்மலையே வள்ளல் பாரியின் பறம்பு என்பது மரபு. அடிவாரத்தில் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கொடுங்குன்றநாதர் கோயில். உச்சியில் ஷெய்கு அப்துல்லாஹ் வலியுல்லாஹ் அவர்களின் தர்கா.

1991ஆம் ஆண்டு, ஓதி முடித்து ஆலிம் ஸனதுடன் நான் ஊர் திரும்பிய புதிது. “என்னை ஒருதரம் அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போ அத்தா” என்றார் என் அன்னையார். கற்ற கிதாபுகளின் சூடு ஆறாத வயது. கப்று ஜியாரத்தின் வரம்புகளை அரபுச் சான்றுகளோடு அடுக்கினேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுக்களைக்குள் சென்றார். மறுபடி கேட்கவில்லை. 2003இல் இறையடி சேர்ந்தார்.

சென்ற தை மாதத்தில்தான் நான் அம்மலை ஏறினேன். மாணவர் ஒருவர் துணை வந்தார். பஜ்ருத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம்; வெயில் ஏறினால் பாறை சுடும். கோயிலைக் கடந்து மேலேறும் பாதை முதலில் முட்புதர்களினூடே செல்கின்றது; பின்னர்ச் செங்குத்தாகிப் பாறைமேல் ஏறுகின்றது. பத்தடிக்கு ஒருமுறை நான் நின்றேன். மாணவர் தண்ணீர்க் குடுவையை நீட்டினார்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் செம்புரான் மண். ஏறத்தாழச் சமதளத்தில் நடந்து பழகிய கால்களுக்கு இக்கரும்பாறை புதிது. தென்தமிழகத்தின் அடித்தளப் பாறைகள் பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அவ்வுருமாற்றம் நிகழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது என்பர் நிலவியலார். மேலிருந்ததை மழையும் காற்றும் அரித்துச் செல்ல, எளிதில் தேயாதவை குன்றுகளாய் எஞ்சின. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறித் தாக்க, பாறையின் மேற்புறம் வெங்காயத் தோல்போல் ஏடேடாய் உரிவதை வழியெங்கும் கண்டேன்.

மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே பறம்பு நான்கு விளைபொருள் தரும் என்றார் கபிலர்: மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். புறநானூற்றின் 109ஆம் பாடலில் அது வருகின்றது. நான் கண்டதோ பெரும்பாலும் முள்ளும் புதருமே.

உச்சியை அடைந்தபோது காற்று தலைப்பாகையைப் பறிக்கப் பார்த்தது. கீழே கண்மாய்கள் வெள்ளித் தட்டுகளாய் மின்னின. ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் நோக்குமாறு அல்காஷியா அத்தியாயம் மனிதனைப் பணிக்கின்றது. முப்பது ஆண்டுகளாக அவ்வசனங்களுக்குப் பொருள் சொல்லி வந்தவன், அன்றுதான் ஒரு மலையின் மேல் நின்று பூமியைப் பார்த்தேன்.

தர்காவில் ஸலாம் சொன்னேன். கையேந்தியது அல்லாஹ்விடம் மட்டுமே. என் அன்னையாரின் மஃபிரத்துக்காகவும், என் பிழை பொறுக்கவும் துஆச் செய்தேன். அன்று நான் சொன்ன மஸ்அலாவில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால், அம்மா எதற்காக இம்மலைக்கு வர விரும்பினார்? நேர்ச்சையோ, இக்காற்றோ, மகனோடு ஒரு நாளோ? சான்றுகளை அடுக்கிய நான் அதைக் கேட்கவேயில்லை.

இறங்கும்போது முழங்கால் நடுங்கிற்று. மாணவர் முன்னால் நின்று கைகொடுத்தார். பற்றிக்கொண்டேன்.