கடைசியாக வரும் பைக்



பெருநாள் முடிந்த கையோடு எங்கள் வரக்காப்பொலப் பக்கத்து இளைஞர்கள் கூட்டமாக பைக்கில் நுவரெலியா போவது இப்போது வழமையாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வண்டிகள், சிலவற்றில் இரண்டு பேர். முதல்நாள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் "நாளைக்கு சுபஹோட போவோம்" என்று ஒரு செய்தி வரும். திட்டம் அவ்வளவுதான்.

இதையே நிறுத்த வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் மௌத்தானார்கள். இரண்டுமே நாங்கள் போய்வரும் பாதையில் உள்ள இடங்கள். ஆனால், போகாதே என்றால் வீட்டில் சொல்லாமல் போவார்கள். அதனால் ஆசிரியர்கள் சிலரும், எங்களிடம் படித்த தம்பிமார் சிலருமாகச் சேர்ந்து ஒழுங்காகத் திட்டம் போட்டுப் போகிறோம். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "சேர், நீங்க போறதா இருந்தா மட்டும்தான் மகன அனுப்புவேன்." அந்த வார்த்தை பெரிய பாரம். அந்தப் பிள்ளை எங்களிடம் தரப்பட்ட அமானிதம்.

எங்கள் பாதை ருவன்வெல்ல, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா. திரும்புவது றம்பொடை, புசல்லாவ, கம்பளை, கடுகண்ணாவ, மாவனல்லை வழியாக. இந்த வளைவுகளில் கூட்டமாகப் போகும்போது நடக்கும் ஒரு விடயத்தை எங்கள் தம்பிமாருக்குக் கரும்பலகையில் கோடு போட்டுத்தான் விளங்கப்படுத்தினோம்.

ஏழு வண்டிகள் வரிசையாகப் போகின்றன என்று வையுங்கள். முன்னால் போகிறவர் கொண்டை ஊசி வளைவில் 20க்குக் குறைத்து, வளைவு முடிந்ததும் 50க்கு ஏற்றுகிறார். அந்த நேரம் ஏழாவது வண்டி இன்னும் வளைவுக்குள் 20இல்தான் வருகிறது. அது வெளியே வரும்போது முன்னால் யாரையும் காணோம். பிடிக்க வேண்டுமென்றால் அது 65, 70இல் ஓட வேண்டும். அதற்குள் அடுத்த வளைவு. ஆக, முன்னால் போகிறவர் நிதானமாகத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, கூட்டத்திலேயே வேகமாக ஓடுவது கடைசி வண்டிதான். கடைசியில் வருவது யார்? 100 சீசீ வண்டியும் புதிய லைசனும் வைத்திருக்கும் தம்பி. மலை ஏறும்போது சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும். அந்தக் குறையை இறக்கத்தில் ஈடுசெய்யப் பார்ப்பான். வெட்கத்தில் "மெதுவாகப் போங்க" என்று சொல்லவும் மாட்டான்.

ஆகவே நாங்கள் திட்டத்தைப் பின்னாலிருந்து தொடங்குகிறோம். ஆகச் சிறிய வண்டி, ஆகப் புதியவர், இரண்டாவது இடத்தில். முன்னால் போகிறவர் அவரைக் கண்ணாடியில் பார்த்தே வேகம் வைக்க வேண்டும். ஆக அனுபவமுள்ளவர் கடைசியில், பஞ்சர் சாமானும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம். ஏழு வண்டிக்கு மேல் என்றால் இரண்டு கூட்டமாகப் பிரிந்து இடைவெளி விட்டுப் போவோம். பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. "சேர், இது ஜனாஸா ஊர்வலமா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டு அவரையே கடைசியில் போட்டோம்.

பாதை பிரியும் சந்திகளில் ஒருவர் நின்று, கடைசி வண்டி வரும்வரை வழிகாட்ட வேண்டும். கரவனெல்லவில் யாரும் அவிசாவளைப் பக்கம் திரும்பிவிடக் கூடாதல்லவா? ஆள் நிற்பார் என்று தெரிந்தால் பின்னால் வருகிறவர் விரட்டிப் பிடிக்கத் தேவையில்லை. இந்த ஒரு ஏற்பாட்டில்தான் எங்கள் பயணமே அமைதியானது.

இறக்கம் தனிக் கதை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளைக்கு வரும்போது 1,300 மீற்றருக்கு மேல் இறங்கியிருப்போம். முழுத் தூரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். றம்பொடையில் தேநீருக்கு நிற்பது வயிற்றுக்காக மட்டுமல்ல, பிரேக் ஆறுவதற்கும்தான்.

பருவமும் பார்க்க வேண்டும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். வாகன நெரிசலோடு பின்னேரங்களில் இடிமழையும் சேரும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை. வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. பெருநாள் அந்த மாதங்களில் வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவோம். மண்சரிவைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2016 மே மாதம் அரநாயக்க சாமசர மலை இறங்கியதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலையும் கண்டவர்கள் நாங்கள். புறப்படுவதற்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்ப்போம். பாதையிலுள்ள ஏதாவதொரு பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் எச்சரிக்கை இருந்தாலும் போவதில்லை. செம்மஞ்சளும் சிவப்பும் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். ஹோட்டலுக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

சுபஹ் தொழுது புறப்பட்டு, மஃரிபுக்கு முன் கடுகண்ணாவ இறக்கத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. லுஹரையும் அஸரையும் நுவரெலியாவில் சேர்த்துத் தொழுதுகொள்வோம். நேரம் பிந்தினால் குறைப்பது பார்க்கும் இடங்களை மட்டுமே. வேகத்தைக் கூட்டி நேரத்தைப் பிடிப்பதில்லை.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் தம்பிமார் லைசன், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் ஞாயிறு அஸருக்குப் பின் கொண்டுவாருங்கள். வண்டியையும் கொண்டுவாருங்கள், டயரும் பிரேக்கும் பார்க்க வேண்டும். பின்னால் ஏறுகிறவருக்கும் தலைக்கவசம் வேண்டும். வாப்பாவோ உம்மாவோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும், கடிதம் தேவையில்லை.