சனிக்கிழமை நண்பகலில் ஒரு வீதி

துருக்கியின் இஸ்தான்புல் நகரில் இஸ்திக்லால் என்றொரு வீதி இருக்கிறது. 'சுதந்திரம்' என்பது அப்பெயரின் பொருள். தக்சிம் சதுக்கத்தில் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளும் இவ்வீதி நடந்து செல்வோருக்கானது. பழைய காலத்துச் சிவப்பு ட்ராம் வண்டி ஒன்று மணியடித்தபடி இடையில் மெல்ல ஊர்ந்து போகும்.

2024 ஏப்ரலில் பயிற்சியொன்றுக்காகச் சென்றிருந்தபோது, ஒரு வார இறுதி எனக்கு ஓய்வாகக் கிடைத்தது. நல்ல வெயில், ஆனால் நம்மூர் வெயில் போலச் சுடவில்லை. எள் தூவிய வளையப் பாணைத் தள்ளுவண்டியில் வைத்து விற்கிறார்கள். 'சிமிட்' என்பது அதன் பெயர். பக்கத்திலே சோளம் வாட்டும் மணம். கடை வாசல்களில் பூனைகள் சுருண்டு தூங்குகின்றன, அவற்றை எவரும் விரட்டுவதில்லை. முக்காடு இட்ட பெண்களும் இடாத பெண்களும் ஒன்றாகவே உலாவுகிறார்கள்.

வீதியின் நடுப்பகுதியில் கலதாசராய் பாடசாலையும் அதன் முன்னே சிறு சதுக்கமும் உள்ளன. சதுக்கத்தைச் சுற்றிப் பொலிஸாரின் இரும்புத் தடுப்புகள். நண்பகல் 12 மணிக்குச் சிலர் அத்தடுப்புகளின் முன் வந்து நின்றார்கள். கைகளில் புகைப்படங்களும் சிவப்புக் கார்னேஷன் பூக்களும் இருந்தன. இவர்கள்தான் 'சனிக்கிழமை அன்னையர்'.

1995 மார்ச்சில் ஹசன் ஓஜாக் எனும் இளம் ஆசிரியர் பிடித்துச் செல்லப்பட்டார். குடும்பத்தினர் தேடி அலைந்து, கடைசியில் உரிமை கோரப்படாதோர் மயானத்தில் அவரது உடலைக் கண்டுபிடித்தனர். அவரது தாய் எமினே ஓஜாக்கும் வேறு சிலரும் அவ்வாண்டு மே 27 அன்று முதன்முதலாக இங்கு வந்து அமர்ந்தார்கள். 1980 இராணுவப் புரட்சிக்குப் பின்னரும், குர்திய மக்கள் வாழும் பகுதிகளில் 1990களிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அவர்களோடு சேர்ந்தனர். ஆர்ஜென்ரீன அன்னையர் 1977 முதல் நடத்திய போராட்டம் இவர்களுக்கு முன்மாதிரியாயிற்று.

கோஷம் இல்லை, கட்சிக் கொடி இல்லை. அரைமணி நேரம் மௌனமாக இருப்பார்கள். வாரத்துக்கு ஒருவரின் கதையை வாசிப்பார்கள். அவ்வளவுதான். அதற்கே அடியும் கைதும் கிடைத்தன. 1999இல் நிறுத்தி, 2009இல் மீண்டும் தொடங்கினார்கள். 2018 ஆகஸ்டில், 700ஆவது வாரத்தில், சதுக்கம் மூடப்பட்டது. அத்தடை உரிமை மீறல் என அரசியலமைப்பு நீதிமன்றம் கூறிய தீர்ப்பு 2023இல் வெளியானது. அதன் பின்னும் பல சனிக்கிழமைகளில் கைதாகி, அவ்வாண்டு நவம்பரில்தான் பத்துப் பேர் மட்டும் தடுப்பின் முன் நிற்க முடிந்தது. நான் கண்டது அந்தப் பத்துப் பேரைத்தான். மறுமாதம் 1000ஆவது வாரம் வந்தது.

மொழி எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு தாய் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்த விதம் நன்கு தெரிந்த ஒன்றாக இருந்தது. சிலர் நின்று பார்த்தார்கள், சிலர் பொருட்பைகளோடு கடந்து போனார்கள். அது அலட்சியம் என்று முதலில் தோன்றியது. யோசித்தால், அன்னையர் இந்த இடத்தைத் தேர்ந்ததே அதற்காகத்தான். சமூகவியலில் பொது இடம் என்று படிக்கிறோம். வாங்குவோருக்கும் விற்போருக்கும் உரிய வீதி, பிள்ளையைத் தேடுபவளுக்கும் உரியது. வெளியே துக்கம் கேட்கும் தாயை வீட்டுக்குள் அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயரும் வீட்டுக்குள் போய்விடும்.

சகோதரிகளே, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம். பதில் கிடைக்காமலே கண்மூடியவர்களையும் அறிவோம். இஸ்தான்புல்லிலும் பெர்போ அம்மா, 1980இல் காணாமல் போன மகனுக்காகக் காத்திருந்து, நூறு வயது கடந்து 2013இல் இறந்தார். ஆனால் அவர் மகன் ஜெமிலின் பெயர் அவரோடு போய்விடவில்லை. வாரந்தோறும் ஒருவரின் கதை என்று அவர்கள் எழுதி வைத்ததே காரணம்.

வீதிக்கு வர இயலாத அம்மாமார் நம்மிடையே பலர். அவர்களின் பிள்ளை யார், என்ன படித்தான், எந்தப் பாட்டை விரும்பினாள் என்பதை நம் மாதர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ஒருவராகச் சொல்ல, ஒருவர் எழுதி வைக்கலாம். அதற்கு அரைமணி நேரம் போதும்.