வாக்கும் வயிறும்

வறுமை வந்துற்றபோது வாக்கின் மதிப்பை உணர்ந்தவன் நான். 1985இல் நம் நாட்டுப் பொருளாதாரம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு சுருங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்துப்போக, ஈய விலை சரிந்தது. ஆலைகள் பலவற்றில் ஆட்குறைப்பு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நாள்தோறும் பேருந்தேறிக் கிள்ளானுக்கு வேலைக்குச் சென்ற நானும் வேலையிழந்தேன்.

1986 ஆகஸ்டு 2, 3ஆம் நாள்களில் பொதுத்தேர்தல். அதற்கு முதல் வாரம் ஒருவர் அரிசி மூட்டையுடன் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்றார். அடுக்களையில் அரிசியில்லை, என் கை நீண்டது.

“இது எத்தனை நாளைக்குத் தம்பி வரும்?” என்றார் அம்மா.

“பத்து நாளைக்கு.”

“ஓட்டு ஐந்து வருடத்துக்காயிற்றே!”

மூட்டை திரும்பிப் போயிற்று. அன்றிரவு கடன் வாங்கிய அரிசியில் கஞ்சி குடித்தோம்.

பிறகு வேட்பாளர்களின் துண்டறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தேன். வேலையிழந்தோர்க்கு என்ன வழி? தோட்டத்தை விட்டு வந்தோர்க்கு வீடு எங்கே? சென்ற தவணையில் சொன்னவற்றுள் செய்தவை எத்தனை? முழுமையான விடை எவரிடமும் இல்லை. ஓரளவேனும் விடை வைத்திருந்தவருக்கு வாக்களித்தேன்.

ஆளும் கூட்டணி 177 இடங்களில் 148ஐ வென்றது. எனக்கு வேலை உடனே கிடைத்துவிடவில்லை. பசித்தவனுக்குச் சிந்திக்க நேரமேது என்பார்கள். சிந்தியாது வாக்களித்தால் முதலில் பசிப்பவனும் அவனேயன்றோ?