காகித விரிப்பில் எழுதிய கணக்கு

'பிஸ்த்ரோ' என்ற சொல்லுக்குப் பாரிஸில் ஒரு கதை சொல்வார்கள். 1814 இல் நெப்போலியனைத் தோற்கடித்து நகருக்குள் நுழைந்த ருஷ்ய வீரர்கள் மதுக்கடைகளில் 'பீஸ்த்ர, பீஸ்த்ர', அதாவது 'கெதியாய், கெதியாய்' என்று அவசரப்படுத்தினார்களாம். அதுவே சிறு உணவுக்கடைக்குப் பெயராயிற்றாம். மோன்மார்த்ர் குன்றின் மேலுள்ள ஓர் உணவகச் சுவரில் இச்செய்தியைப் பலகையாகவே பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அச்சில் இச்சொல் முதலில் தென்படுவது 1884 இல்தான். எழுபது ஆண்டுகள் ஒரு சொல் எழுத்தில் எங்கும் தலைகாட்டாமல் வாழ்ந்தது என்பதை நம்புவது கடினம். நம் ஊர்ப்பெயர்களுக்குக் கட்டப்படும் கதைகளின் இனத்தைச் சேர்ந்தது இது.

'ரெஸ்ரோறன்ற்' என்ற சொல்லின் வரலாறு இதைவிடச் சுவையானது, உண்மையானதும்கூட. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் அது இடத்தின் பெயரன்று. உடல் நலிந்தவர்க்கு வலுவை மீட்டுத் தரும் இறைச்சிச் சாற்றின் பெயர். சாறு விற்ற கடைக்குப் பின்னர் அப்பெயர் ஆகிவந்தது. அந்தச் சாற்றுக்குப் பிரெஞ்சில் இன்னொரு பெயர் 'பூயோன்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் துய்வால் என்ற இறைச்சிக்கடைக்காரர், வசதி படைத்தோர் வாங்காமல் விட்ட துண்டுகளைக் கொதிக்கவைத்துச் சந்தைத் தொழிலாளருக்குக் குறைந்த விலையில் பரிமாறத் தொடங்கினார். அவ்வகைக் கடைகளும் பூயோன் என்றே அழைக்கப்பட்டன. நகரெங்கும் பெருகிய அவை இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மறைந்தன. மறையாமல் நின்றவற்றுள் ஒன்று, 1896 இல் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் தொடங்கிய ஷார்த்தியே.

2023 கோடையில் பாரிஸ் சென்றிருந்தபோது அங்கே சாப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இந்தச் சொல்லாராய்ச்சி மட்டுமன்று. நான் தங்கியிருந்தது அம்மாவின் தம்பி வீட்டில். மாமா 1985 இல் பிரான்சுக்கு வந்தவர். 1983 க்குப் பின் அந்நகரை அடைந்த ஈழத்தமிழர் பலரையும் போலவே அவருக்கும் கிடைத்த முதல் வேலை ஓர் உணவகத்தின் கோப்பை கழுவும் வேலை. பின்னர் அதே குசினியில் முட்டை அவிப்பதும் கரட் சீவுவதுமாக ஒருபடி உயர்ந்தார். கடைகள் மாறின, குசினி மாறவில்லை. அந்த உழைப்பில் இரண்டு தங்கையரைக் கரைசேர்த்தார், பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கினார். ஆனால் ஓய்வு பெறும்வரை ஒரு பிரெஞ்சு உணவகத்தின் மேசையில் ஒருநாளும் அமர்ந்ததில்லை.

காசு இல்லாமல் அல்ல. "உதுக்குள்ள போய் இருந்து நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது, தம்பி?" என்பதே அவர் பதில்.

ஒருவழியாக இணங்கினார். தெருவிலிருந்து ஒரு நடைவழி உள்முற்றத்துக்கு இட்டுச்சென்றது. அங்கே வரிசையில் நின்றோம். உள்ளே உயரமான கூரை, அதன் நடுவே கண்ணாடி, சுவரெங்கும் பெரிய நிலைக்கண்ணாடிகள், மேசைகளுக்கு மேலே தொப்பியும் மேலங்கியும் வைக்கப் பித்தளைத் தட்டுகள். பழைய புகையிரத நிலையமொன்றில் பந்தி போட்டதுபோல் இருந்தது. சுவரோடு இலக்கமிட்ட சிறு மர இழுப்பறைகள். நாள்தோறும் வந்தவர்கள் தத்தம் கைத்துணியை முன்னர் அவற்றில் வைத்துப் போவார்களாம். 1989 இல் இம்மண்டபம் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனாலும் முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு மூன்றையும் இருபது யூரோவுக்குள் முடித்து எழலாம்.

எங்கள் மேசையில் முன்பின் அறியாத ஒரு முதியவளையும் அமர்த்தினார்கள். அங்கே அது வழக்கம். கறுப்பு அரைச்சட்டையும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த பரிசாரகர், மேசையில் விரித்திருந்த காகிதத்திலேயே எங்கள் உணவுகளைக் கிறுக்கிவிட்டுப் போனார். அம்மண்டபத்தில் யாவருக்கும் அதே காகிதம், அதே எழுத்து. அன்னசத்திரத்தில் உண்பவன் ஒரு நன்றிக்கடனோடு எழுகிறான். இங்கே சிறுதொகையாயினும் விலை கொடுத்து உண்பதால் கடன் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மலிவான உணவகத்தின் அறம் இதுவென்று எனக்குத் தோன்றியது.

ஆனால் எதிரில் மாமா நாற்காலியின் நுனியில், யாரோ எழும்பச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் அமர்ந்திருந்தார். விலைப்பட்டியல் அவரைத் தடுத்ததேயில்லை என்பதை அப்போதுதான் நன்றாக உணர்ந்தேன். விலையைக் குறைத்து வாசலைத் திறந்துவிடலாம். முப்பது ஆண்டுகள் பின்வாசலால் போய்வந்தவனுக்கு முன்வாசல் திறப்பது வேறு கணக்கு.

மயோனைஸ் ஊற்றிய அவித்த முட்டை வந்தது. மாமா கத்தியால் ஒன்றைப் பிளந்து மஞ்சட்கருவை உற்றுப் பார்த்தார். "கணக்காய் அவிச்சிருக்கிறாங்கள்" என்றார். அதன் பிறகு பேச்சு வந்துவிட்டது. கூடுதலாக ஒரு நிமிடம் கொதித்தால் கருவைச் சுற்றி எப்படிப் பச்சை படியும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு எத்தனை தட்டு முட்டை அவிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். பக்கத்து முதியவள் ஏதோ கேட்க, குசினியில் கற்ற பிரெஞ்சில் அதை அவளுக்கும் விளக்கினார். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும் முடிந்ததும் மாமாவின் கைகள் தாமாகவே இயங்கின. எச்சங்களை ஒரு கோப்பையில் வழித்து, மற்றவற்றை அளவுவாரியாக அடுக்கி, கத்தி முள்ளுகளை ஒரே திசையில் மேலே வைத்தார். எடுக்க வந்த பரிசாரகர் அடுக்கைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "தொழில்காரரோ?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"முப்பத்தொரு வருசம்" என்றார் மாமா. அதைச் சொல்லும்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்திருந்தார்.

பரிசாரகர் காகிதத்திலேயே கூட்டல் போட்டுத் தொகையை எழுதினார். நான் பணப்பையை எடுப்பதற்குள் மாமா தாள்களை வைத்துவிட்டார். வெளியே முற்றத்தில் வரிசை இன்னும் நீண்டிருந்தது. அடுத்த கிழமை மாமியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியபடி, உள்ளே போகும் கூட்டத்தினூடே அவர் எனக்கு முன்னால் நடந்தார்.